அரை ஆள் அதிகம்

1

நாங்கள் தாம்பரத்தை விட்டு இந்த இங்கிலீஷ்காரர் ஊருக்கு வந்து எட்டு வருஷம் முடிந்த வாரம் அது. கொண்டாட வேண்டாம் என்றுதான் இருந்தோம். ஆனால் இந்த ஊர் கவுன்சில் எங்களை மறக்கவில்லை. கடிதம் அனுப்பியிருந்தது.

கவுன்சில் என்றால் நம் ஊர் பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி. ஒரே வித்தியாசம், அங்கே நாம் எழுதினாலும் பதில் வராது. இங்கே எழுதாமலே வரும். உறையின் மேல் பெயர் இருக்காது. 'தி ஆக்குபையர்' என்றிருக்கும். குடியிருப்பவர் என்று அர்த்தம். வந்த புதிதில் என் வீட்டுக்காரர் ஜெயராஜ் இது ஏதோ வெள்ளைக்காரப் பெயர் என்று நினைத்துவிட்டார். நமக்கு முன்னால் இங்கே குடியிருந்த மிஸ்டர் ஆக்குபையருக்கு வந்த கடிதங்கள் என்று மூன்று மாதம் பத்திரமாக அடுக்கி வைத்தார். அந்த மனிதர் வந்து வாங்கிக்கொள்ளவே இல்லை. ஒருநாள் வீட்டில் கரண்டை வெட்டினார்கள். அப்போதுதான் மிஸ்டர் ஆக்குபையர் நாங்கள்தான் என்று தெரிந்தது.

அந்த மிஸ்டர் ஆக்குபையருக்கு இந்த முறை வந்த செய்தி: 'தங்கள் வீட்டில் ஓவர்க்ரவுடிங் இருப்பதாகத் தகவல் கிடைத்துள்ளது. எங்கள் அதிகாரி வந்து பார்வையிடுவார்.'

அதாவது வீட்டில் அளவுக்கு மீறிய கூட்டம். இந்த நாட்டில் அது சட்டப்படி குற்றம். சிரிக்காதீர்கள். சேலையூரில் எங்கள் தெருவுக்கு இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தால் தெருவையே ஜெயிலில் போட வேண்டும். ஜெயிலிலும் இடம் போதாது.

2

வீட்டில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான், ஜெயராஜ், எங்கள் பெண் ஷீலா. ஷீலாவைத் தாம்பரத்திலிருந்து தூக்கிக்கொண்டு வரும்போது இரண்டு வயது நிறையவில்லை. கடிதம் வந்த சமயம் பத்து ஆகப்போகிறது. நான் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜெயராஜ் பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பர். மாடியில் இரண்டு படுக்கையறை, கீழே ஒரு ஹால், அடுக்களை. மூன்று பேருக்கு அரண்மனை.

போன வருஷம் ஜெயராஜின் தம்பி செல்வின் வந்தான். கூட மனைவி ரூபி, மூன்று வயதுப் பையன் சாமுவேல். "பத்து நாள் அண்ணி. வேலை கிடைச்சதும் வீடு பாத்துக்குவோம்" என்றான். வேலை பத்தாவது நாளே கிடைத்துவிட்டது. வீடு மட்டும் பதினாலு மாதமாகக் கிடைக்கவில்லை. இதற்கு நடுவில் ரூபிக்கு இன்னொரு குழந்தையும் பிறந்தது. வீடு தேடுகிற அலைச்சலிலும் அதற்கு நேரம் இருந்திருக்கிறது.

அவர்களுக்கு ஷீலாவின் அறையைக் கொடுத்தோம். ஷீலா எங்கள் அறையில், கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மெத்தை போட்டுப் படுத்துக்கொண்டாள். கைக்குழந்தை பிறந்த பிறகு சாமுவேலும் அந்த மெத்தைக்கு வந்துவிட்டான். ஷீலா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத பிள்ளையைப் பார்த்தால் நமக்கு எவ்வளவு நிம்மதி! நல்லபடியாக வளர்த்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

3

நான் வளர்ந்த வீட்டில் இரண்டு அறையில் ஒன்பது பேர். அப்பா, அம்மா, நாங்கள் ஐந்து பிள்ளைகள், சித்தப்பாவின் மகன்கள் இரண்டு பேர். சித்தப்பா மகன்கள் காலேஜில் சேர வந்தவர்கள். ஹாஸ்டலில் இடம் கிடைக்கிற வரைக்கும் என்று பேச்சு. ஹாஸ்டலில் இடம் கிடைப்பதற்குள் பி.ஏ. முடித்துவிட்டார்கள்.

"மனசில இடம் இருந்தா வீட்ல இடம் இருக்கும்" என்பாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிறபோது படப்பையிலிருந்து வந்த உறவுக்காரர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வருவாள். குழம்பில் தண்ணீர் ஏறும். எங்கள் வீட்டில் குழம்பின் நிறத்தைப் பார்த்தே எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

வெளியே போனாலும் அதே கதைதான். டைப்ரைட்டிங் படிக்கத் தினமும் மின்சார ரயிலில் மாம்பலம் போவேன். தாம்பரத்தில் வண்டி புறப்படுகிறபோது உட்கார இடம் கிடைக்கும். பல்லாவரம் தாண்டினால் மடியில் யாருடைய கூடையோ இருக்கும். மீனம்பாக்கத்தில் யாருடைய குழந்தையோ இருக்கும். ஒருநாள் கீரைக் கூடையோடு ஏறிய அம்மாள் ஒருத்தி எங்கள் பெஞ்சைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

"இன்னாம்மா இது அநியாயம்? மூணு பேர் குந்துற சீட்ல மூணு பேர் மட்டும் குந்திக்கினு கீறீங்க?"

மூன்று பேரும் வெட்கப்பட்டு நகர்ந்தோம். அவள் உட்கார்ந்தாள். பிறகு அவள் தங்கையும் உட்கார்ந்தாள்.

இங்கே பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், அடுத்தவர் நின்றுகொண்டே வருவார். அதற்குப் பெயர் மரியாதை.

4

அதிகாரி சொன்ன நாளில், சொன்ன நிமிஷத்தில் வந்தார். கோட்டுப் பையில் ஒரு அளவு டேப். அறைகளை அளந்தார், எண்ணினார். பிறகு ஹாலில் எங்களை வரிசையாக உட்கார வைத்து எங்களையும் எண்ணினார்.

இந்த ஊர்ச் சட்டத்தில் ஆட்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. பெரியவர் என்றால் ஒரு ஆள். பத்து வயதுக்குக் கீழே என்றால் அரை ஆள். ஒரு வயதுக்குக் கீழே இருந்தால் ஆளே இல்லை. ரூபியின் குழந்தை ஆளே இல்லாமல் அந்த நேரம் பார்த்து வீடே அதிர அழுதுகொண்டிருந்தது.

"நான்கு பெரியவர்கள். இரண்டு அரை ஆட்கள். மொத்தம் ஐந்து" என்றார் அதிகாரி. "ஹாலையும் சேர்த்து மூன்று அறை. மூன்று அறைக்கு ஐந்து பேர் இருக்கலாம். இன்றைய தேதியில் சரியாக இருக்கிறது."

எனக்கு மூச்சு வந்தது. ஜெயராஜ் டீ போடட்டுமா என்று கேட்டார். அப்போது ஷீலா, கேட்காமலே, பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்குவதுபோலத் தூக்கினாள்.

"மூன்று வாரம் கழித்து எனக்குப் பத்து வயது ஆகிறது" என்றாள். அவள் எங்களோடு பேசுவது எப்போதும் இங்கிலீஷில்தான். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். இரண்டு பக்கமும் பிடிவாதம்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "அப்படியானால் அன்றிலிருந்து ஐந்தரை. அரை ஆள் அதிகம்."

அவர் டீ குடிக்காமல் போய்விட்டார். தகவல் கொடுத்தது யார் என்று ஜெயராஜ் வாசல்வரை போய்க் கேட்டதற்கு, "எங்களுக்குத் தகவல்கள் வரும்" என்று மட்டும் சொன்னாராம்.

யார் என்று யோசிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. பக்கத்து வீட்டு வில்ஃப். எழுபது வயது, மனைவி இல்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் நிற்பார். எங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர் வெளியே போகிறார்கள், எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

5

நான் நினைத்தது சரி என்று அடுத்த சனிக்கிழமையே ருசுவானது.

எங்கள் தெரு ஒரு மேடு. ரூபியின் குழந்தை வண்டியில் குழந்தைக்குப் பதிலாக அரிசி மூட்டையும் உருளைக்கிழங்கும் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். பாதி மேட்டில் மூச்சு வாங்க நின்றேன். எதிரே வில்ஃப் வந்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ சொன்னார். இந்தப் பக்கத்து நார்ஃபோக் பேச்சு, வாய்க்குள்ளேயே வெந்து வெளியே வரும். எட்டு வருஷமாகியும் எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் 'க்ரவுட்' என்ற வார்த்தை மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

நடுத்தெருவில் என்ன துணிச்சல்!

"நாங்கள் யாரையும் க்ரவுட் பண்ணவில்லை!" என்று கத்தினேன். "சட்டப்படி நாங்கள் ஐந்து பேர்தான்! எங்கள் வீட்டில் எத்தனை பேர் இருந்தால் உங்களுக்கு என்ன? தனியாக இருப்பவருக்குப் பொறாமை!"

அவர் தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொண்டார். மேட்டில் இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்து ஜெயராஜிடம் பெருமையாகச் சொன்னேன். "நல்லா கேட்ட" என்றார். அதோடு வில்ஃபுக்கு ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிற கோழிக் குழம்பை நிறுத்தினேன். ஐந்து வருஷப் பழக்கம் அது.

பத்து நாள் கழித்து வார்டில் ஒரு நோயாளியை எக்ஸ்ரேவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. சக்கர நாற்காலியோடு வந்த வேலையாள் இந்த ஊர்க்காரர், ரிட்டயராகப் போகிறவர். "சிஸ்டர், இவரை நான் க்ரவுட் பண்ணிக்கொண்டு போகட்டுமா?" என்றார்.

"என்ன பண்ணிக்கொண்டு?"

"க்ரவுட்." நாற்காலியை இரண்டடி முன்னால் தள்ளிக் காட்டினார். "இப்படி."



டியூட்டி முடிந்ததும் நேராக ஊர் நூலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு அகராதி, பல பாகம், ஒரு பாகத்தைத் தூக்கவே நாற்காலி வேலையாள் வேண்டும். அதில் போட்டிருந்தது: 'க்ரவுட்' என்பது மிகப் பழைய இங்கிலீஷ் வார்த்தை. ஆதியில் அதற்குக் கூட்டம் என்று அர்த்தமே இல்லை. தள்ளுவது, அழுத்துவது என்றுதான் அர்த்தம். கூட்டம் என்ற பொருள் பல நூறு வருஷம் கழித்துத்தான் வந்து ஒட்டிக்கொண்டது, ஒருவரை ஒருவர் தள்ளுகிறவர்களைப் பார்த்து. நாட்டின் மற்ற இடங்களில் பழைய அர்த்தம் செத்துவிட்டது. இந்தக் கிழக்குப் பக்கத்தில் மட்டும் பெரியவர்கள் இன்னும் கைவண்டியை 'க்ரவுட்' பண்ணுகிறார்கள்.

ஆக, வில்ஃப் கேட்டது இவ்வளவுதான்: "அந்த வண்டியை நான் தள்ளித் தரட்டுமா?"

நம் ஆட்கள் கூட்டத்துக்கு வார்த்தை தேடியபோது 'கூடு' என்பதிலிருந்து எடுத்தார்கள், இவர்கள் 'தள்ளு' என்பதிலிருந்து எடுத்தார்கள், பார்த்தாயா நம் பண்பாட்டை, என்று எனக்கு ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிஷமே மாம்பலம் ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. பெருமையை அகராதியோடு மூடி வைத்தேன்.

அன்று சாயங்காலமே குழம்போடு வில்ஃப் வீட்டுக் கதவைத் தட்டினேன். அகராதி சொன்னதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"நான் கவுன்சிலுக்கு எதுவும் எழுதவில்லை" என்றார் அவர். "எனக்கு எழுதவே அவ்வளவாக வராது." பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். "நீங்கள் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. பொறாமைதான்."

வரும் ஞாயிற்றுக்கிழமையும் குழம்பு வரும் என்றேன்.

6

ஷீலாவின் பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்னால் மிஸ்டர் ஆக்குபையருக்கு இன்னொரு உறை வந்தது. உள்ளே பூர்த்தி செய்த ஒரு விண்ணப்பம். கவுன்சில் வீடு கேட்டு செல்வின் போட்டது. 'வீட்டுப் பொறுப்பாளரின் கையெழுத்து விடுபட்டுள்ளது. கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும்' என்று ஒரு சீட்டு.

ஜெயராஜ் அதை இரண்டு முறை படித்தார். "செல்வின்!" என்று அவர் கூப்பிட்ட கூப்பாட்டில் ஆளே இல்லாத குழந்தையும் எழுந்துவிட்டது.

செல்வின் ஃபாரத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்தான்.

"அண்ணா, அது பாயிண்ட்ஸ் சிஸ்டம். இப்ப இருக்கற வீட்ல கூட்டம் ஜாஸ்தின்னு எழுதினா சீக்கிரம் வீடு குடுப்பாங்களாம். உங்க வீட்டுக்கே ஆள் அனுப்புவாங்கன்னு சத்தியமா தெரியாது."

"அப்ப ஏன்டா அவன் வந்தப்ப வாயத் தொறக்கல?"

"பயம்ண்ணா."

"என் தம்பிக்கு என் வீட்ல நெருக்கமா இருக்குன்னு நானே கையெழுத்துப் போடணுமா?" என்றார் ஜெயராஜ். தமிழ் அப்படி. ஒண்டுவதற்கு இடமில்லை என்றாலும் நெருக்கம்தான். உயிருக்கு உயிராக இருந்தாலும் நெருக்கம்தான்.

நான் அதற்குள் ஃபாரத்தை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். செல்வின் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். இது அது இல்லை. உருண்டையான எழுத்து. எனக்கு நன்றாகத் தெரிந்த எழுத்து.

"இங்கிலீஷ்ல தப்பு வரக்கூடாதுன்னு ஷீலாவ எழுதச் சொன்னேன் அண்ணி" என்றான் செல்வின், தரையைப் பார்த்துக்கொண்டு. "அந்தக் கட்டத்துல அவ என்ன எழுதினான்னு நான் படிக்கவே இல்ல."

'தற்போதைய வசிப்பிடத்தில் இடநெருக்கடி உள்ளதா? விவரிக்கவும்' என்பது கேள்வி. கீழே ஷீலா எழுதியிருந்ததைத் தமிழில் தருகிறேன்.

'ஆமாம். ஏழு பேர் இருக்கிறோம். முன்பு எனக்கு ஒரு அறை இருந்தது. இப்போது அப்பா அம்மா அறையில் தரையில் படுக்கிறேன். பக்கத்தில் படுப்பவனுக்கு நாலு வயது. அவன் மெத்தையை நனைத்துவிடுவான். வீட்டுப் பாடம் பாத்ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆனால் யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள். மனசில் இடம் இருந்தால் வீட்டில் இடம் இருக்கும் என்று அம்மா சொல்வார். நான் ஸ்கேலால் அளந்து பார்த்தேன். இல்லை.'

7

ஷீலா அப்போதும் மாடி பாத்ரூமில்தான் இருந்தாள். நான் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். தட்டவில்லை.

"ஷீலா, அந்த ஃபாரம் வந்திருக்கு."

உள்ளே நோட்டை மூடுகிற சத்தம். பிறகு, "கேள்வி கேட்டிருந்தார்கள். பதில் எழுதினேன்" என்றாள். "தப்பா?"

தப்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நம் குடும்பம், விட்டுக்கொடுத்தல், சேலையூர் வீட்டில் ஒன்பது பேர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று வழக்கமாகச் சொல்கிற பிரசங்கம் தயாராக இருந்தது. இந்தப் பத்திரிகையில்கூட முன்பு ஒருமுறை அதை எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுக் கண்ணீர் விட்டதாகச் சிலர் கடிதம் போட்டீர்கள். அந்தக் கண்ணீரைத் திருப்பித் தர முடியாததற்கு வருந்துகிறேன்.

ஏனென்றால் அந்தப் படியில் உட்கார்ந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது வேறு. பத்தொன்பது வயதில் நான் நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தேன். விண்ணப்பத்தில் ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறாய் என்று கேட்டிருந்தார்கள். நோயாளிகளுக்கு ஊழியம் செய்யக் கர்த்தர் என்னை அழைத்தார் என்று எழுதினேன். சபையில் எனக்காக ஜெபம் பண்ணினார்கள். அம்மா அழுதாள்.

என்னை அழைத்தது கட்டில். பயிற்சிக்குச் சேருகிறவர்களுக்கு ஹாஸ்டலில் ஆளுக்கொரு இரும்புக் கட்டில் உண்டு என்று தெருவில் ஒரு அக்கா சொல்லியிருந்தாள். சேர்ந்த அன்று மத்தியானம் அந்தக் கட்டிலில் மல்லாந்து படுத்து இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தேன். வலது கையில் யாரும் இடிக்கவில்லை. இடது கையிலும் யாரும் இடிக்கவில்லை. சேலையூர் வீடு அங்கிருந்து இரண்டு மைல்தான். லீவு கிடைத்தபோதெல்லாம் டியூட்டி இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு அந்தக் கட்டிலிலேயே கிடந்திருக்கிறேன்.

இதை நான் ஜெயராஜிடம்கூடச் சொன்னதில்லை. மூடிய கதவைப் பார்த்து ஷீலாவிடம் சொன்னேன்.

கதவு திறந்தது. கையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றாள்.

"அப்படியென்றால் நீ உன் ஃபாரத்தில் பொய் எழுதினாய்" என்றாள்.

"ஆமா."

"நான் எழுதவில்லை."

"இல்ல. நீ எழுதல."

அவள் வந்து என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அந்தப் படி இரண்டு பேருக்குக் குறுகல். யாரும் அளக்கவில்லை.

8

ஜெயராஜ் இரண்டு நாள் சாப்பாட்டில் கோபம் காட்டிவிட்டு மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார். அது ஷீலாவின் பிறந்தநாள். கேக் வெட்டினோம். அன்றிலிருந்து சட்டப்படி குற்றவாளிகள் ஆனோம். ஆனால் கவுன்சில் எங்களைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. 'நிலைமை கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளது' என்று எழுதிவிட்டு நாலு மாதம் சும்மா இருந்தது. அந்த விஷயத்தில் நம் ஊரை மட்டும் குறை சொல்ல முடியாது.

பிறகு செல்வினுக்கு ஊரின் அந்தக் கோடியில் வீடு கிடைத்தது. வில்ஃபும் வந்து தன் கைவண்டியில் சாமான்களை ஏற்றி, மேடு இறங்கி முதல் தெருமுனைவரை க்ரவுட் பண்ணிக்கொண்டு போனார். ரூபி அழுதாள். நானும் அழுதேன். என் அழுகையில் எத்தனை பங்கு துக்கம் என்று யாரும் கேட்கவில்லை. ஜெயராஜ்தான் பாவம். காலி அறையில் தம்பி விட்டுப்போன ஹேங்கர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, மறுபடியும் மாட்டி வைத்தார்.

"உன் ரூம் உனக்கு வந்தாச்சு. பிறந்தநாளுக்குச் சரியா ஒண்ணும் வாங்கித் தரல. இப்ப என்ன வேணும், சொல்லு" என்று ஷீலாவைக் கேட்டேன்.

கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள். "கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். உள் பக்கம்."

"வீட்டுக்குள்ள எதுக்குத் தாழ்ப்பாள்? யாரு இருக்கா இங்க?" என்றார் ஜெயராஜ். பிறகு அவரே கடைக்குப் போய், சின்னதாக ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கி வந்து, நாலு திருகாணி போட்டுப் பொருத்திக் கொடுத்தார். ஷீலா எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. ஜெயராஜ் கீழே இறங்கிப் போய்விட்டார்.

நான் மட்டும் அங்கேயே நின்றேன். அவளுக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும் என்று தெரியும். எவ்வளவு நேரம் என்றுதான் தெரியவில்லை. கடைசியில், என் வீட்டில், என் பெண்ணின் கதவை, அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல விரலால் தட்டினேன்.

"யார் அது?" இங்கிலீஷில்தான்.

"அம்மா."

உள்ளே காலடி கதவருகே வந்தது. பிறகு ஷீலா தமிழில் கேட்டாள்.

"தனியாவா?"

"தனியாதான்" என்றேன்.

தாழ்ப்பாள் நகர்ந்தது.